கழி நண்டுச் சாறு

ஆயாவுக்குப் பொழுது இரண்டுதான். தண்ணி ஏறுற நேரம், தண்ணி வத்துற நேரம். "தண்ணி வத்தட்டும், இப்பப் போயி என்னத்த அள்றது" என்பாள். கல்யாணம், காதுகுத்து, சினிமா எல்லாம் அந்தக் கணக்கில்தான். எண்ணூரில் ஆற்றை ஒட்டிய குப்பத்து வீடுகளில் அதுதான் வழக்கம். வரைபடத்தில் கொசஸ்தலை ஆறு என்று போட்டிருக்கும். அங்கே அந்தப் பேரை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஆறு, அவ்வளவுதான். அந்தப் பக்கம் கடல். இரண்டும் சேர்கிற இடம் முகத்துவாரம். பள்ளிக்கூடம் லீவு விட்டதும் பீச் ஸ்டேஷனில் கும்மிடிப்பூண்டி வண்டி ஏறிவிடுவோம். விம்கோ நகர் தாண்டினதும் ஜன்னலோரம் இருக்கிறவன் "வாசம் வந்துடுச்சி" என்பான். உப்பு, சேறு, காயவைத்த கருவாடு, எங்கேயோ எரிகிற விறகு. எல்லாம் கலந்த அந்த வாடை மூக்கில் ஏறினதும் பசி எடுக்கும்.

வத்துகிற தண்ணீரில் பெண்கள் இறங்குவார்கள். இடுப்பளவில் தொடங்கி, உட்கார்ந்தபடியே நகர்ந்து, கழுத்துவரை தண்ணீர் வந்துவிடும். இரண்டு கையும் அடியில் சேற்றைத் தடவிக்கொண்டே போகும். கண்ணுக்கு அங்கே வேலையே இல்லை. எறா விரலில் முட்டுவதும் கை அதை அமுக்குவதும் ஒரே நொடி. இருளர் வீட்டுக்காரர்கள் பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு வருவார்கள்; இரண்டு கையும் சேற்றிலேயே இருக்கும், பிடித்தது பறிக்குள் விழும். அவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் பதில் வராது, வாய் பறியில் இருக்கும். கரையேறினபிறகுதான் சிரிப்பெல்லாம்.

ஆண்களுக்கு வலைப்பாடு. எந்த ஊருக்கு எந்த நாள், யார் எந்த இடத்தில் வலை கட்டுவது என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்கிற பாடு. அமாவாசை ஒட்டிய இருட்டில் தண்ணி வத்தும்போது எறா ஆற்றிலிருந்து கடலுக்கு ஓடும். அந்த ராத்திரிப் பாடு கிடைத்தவன் வீட்டில் மறுநாள் சுரைக்காயில் எறா போட்ட குழம்பு தெருவுக்கே மணக்கும். முறை இல்லாத வீட்டுக்கும் ஒரு கிண்ணம் போகும். கிண்ணம் வெறுமனே திரும்பி வராது. ஒரு கை உப்போ நாலு முருங்கைக்காயோ அதில் இருக்கும்.

ஆழி என்றால் அங்கே ஓட்டுச் சிப்பி. அதை எடுப்பது எங்களைப் போன்ற பொடிசுகளின் வேலை. சேற்றில் காலால் துழாவினால் கட்டைவிரலில் தட்டுப்படும். மஞ்சள் ஆழி மணலும் சேறும் கலந்த இடத்தில். பச்சை ஆழி கல்லிலும் பாலத்துத் தூணிலும் கொத்துக் கொத்தாக ஒட்டியிருக்கும். கொண்டுவந்ததை ஆயா உடனே அடுப்பில் ஏற்ற மாட்டாள். ஆற்றுத் தண்ணீரையே ஒரு குண்டானில் மொண்டு, அதில் ராவெல்லாம் போட்டு வைப்பாள். "மண்ணக் கக்கட்டும்." விளக்கை அணைத்தபிறகு காது கொடுத்தால் கேட்கும், சின்னச் சின்னதாக ஒரு 'டிக்', அப்புறம் ஒரு பீய்ச்சல். காலையில் குண்டானின் அடியில் கறுப்பாக வண்டல் தங்கியிருக்கும். அதைக் கொட்டிவிட்டு ஆழியை வேகவைப்பாள். ஒவ்வொன்றாக வாயைத் திறக்கும். திறக்காததைத் தூக்கி எறிந்துவிடுவாள். அது முன்னமே செத்தது, வயிற்றுக்கு ஆகாது. சதையை நோண்டி எடுத்து, சின்ன வெங்காயம், மிளகாய்த்தூள், கடைசியில் ஒரு பிடி தேங்காய். ஓட்டைக்கூட வீசமாட்டார்கள். கிளிஞ்சலைக் காளவாயில் சுட்டால் சுண்ணாம்பு. பழைய சென்னைக் கட்டடங்களின் வழவழப்பான சுவர்ப் பூச்செல்லாம் கிளிஞ்சல் சுண்ணாம்பு. எண்ணூர், பழவேற்காடு பக்கத்துக் கழிகளிலிருந்து அது பட்டணத்துக்குப் போனது பக்கிங்காம் கால்வாயில், படகில். அந்தக் கால்வாயின் முதல் துண்டை 1806-இல் வெட்டினதே சென்னைக்கும் எண்ணூருக்கும் நடுவில்தான். கால்வாயைச் சொன்னேன் அல்லவா, அதற்குப் பின்னால் வருகிறேன்.

ஆயாவின் அந்தக் குண்டான் வைத்தியத்தை நான் இப்போது அடிக்கடி நினைக்கிறேன். அவள் கணக்கு சரியானது. ஆழி தண்ணீரை இழுத்து, அதில் இருப்பதை வடித்துத் தின்றுவிட்டு, மிச்சத்தை வெளியே விடுகிற பிராணி. நன்றாக வளர்ந்த ஒன்று மணிக்குச் சில லிட்டர் தண்ணீரை இப்படி வடிக்கும். நல்ல தண்ணீரில் ஓரிரு நாள் போட்டுவைத்தால் மண் போகும், பாக்டீரியாவும் பெருமளவு குறையும். மேல்நாட்டுச் சிப்பி வியாபாரிகள் தொட்டி கட்டிச் செய்வதும் இதைத்தான். ஆனால் காட்மியத்தை ஆழி கக்காது. காரீயத்தைக் கக்காது. தசைக்குள்ளும் உறுப்புக்குள்ளும் புரதத்தோடு பிணைந்து உட்கார்ந்துவிடும் உலோகம் இறங்க மாதக்கணக்கு ஆகும். அதுவும் சுத்தமான தண்ணீர் கிடைத்தால். வேகவைத்தாலும் போகாது, வறுத்தாலும் போகாது. திறக்காத ஆழியைத் தூக்கி எறியத் தெரிந்த கைக்கு, திறந்த ஆழிக்குள் இருக்கிறதைக் கண்டுபிடிக்க ஒரு வழியும் இல்லை. நிறம் மாறாது, நாற்றம் இருக்காது, ருசியும் அப்படியேதான்.

இந்தக் குணத்தினால்தான் கடலை அளக்க ஆழியையே கருவியாக வைத்துக்கொண்டார்கள். எட்வர்ட் கோல்ட்பர்க் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1975-இல் யோசனை சொன்னார்: தண்ணீரை மொண்டு அளந்தால் அந்த நிமிஷத்துக் கதைதான் தெரியும், கல்லில் ஒட்டின ஆழியை அளந்தால் பல மாதக் கதை தெரியும். 1986 முதல் அமெரிக்கக் கரை நெடுகிலும் அப்படி அளந்து வருகிறார்கள். எண்ணூர்ப் பச்சை ஆழியையும் நம்மூர் ஆராய்ச்சியாளர்கள் வெகுகாலமாக எடுத்துப் போய் அளந்து, காட்மியம், காரீயம், தாமிரம், துத்தநாகம் என்று கட்டுரை எழுதியிருக்கிறார்கள். அவையெல்லாம் ஆங்கிலத்தில், நூலகங்களில் இருக்கின்றன. ஆழி பொறுக்கின பிள்ளைகளின் வீட்டுக்கு ஒரு காகிதம்கூட வந்ததில்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

புகைபோக்கி எங்கள் கண்ணுக்குப் பழகின பொருள். எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-இல் ஓடத் தொடங்கி 2017-இல் நின்றது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் வடசென்னை அனல்மின் நிலையம் 1990-களில் வந்தது. நம் நாட்டு நிலக்கரியில் நூற்றுக்கு 30, 40 பங்கு சாம்பல். அதைத் தண்ணீரில் கரைத்துக் குழாயில் தள்ளிச் சாம்பல் குட்டைக்கு அனுப்புவார்கள். குழாய் ஆற்றின் மேலே போகும். குழாய் ஒழுகும். ஒழுகினது அடியில் படியும். படிந்த இடத்தில் கால் வைத்தால் அரிசி மாவு மாதிரி அப்படியொரு வழுவழுப்பு. சேற்றைவிட அது சுகமாக இருக்கும் என்று அங்கேயே குதித்துக்கொண்டிருப்போம். முட்டிவரை சாம்பல் நிறத்தில் காய்ந்துபோய் வீட்டுக்கு வருவோம். ஆயா கிணற்றடியில் நிறுத்தித் தேய்ப்பாள். "இது சேறு கெடையாது, இது வேற என்னமோ. சேறு இப்டி ஒட்டாது" என்றாள் ஒருநாள். ஆர்சனிக், காட்மியம், காரீயம், குரோமியம், பாதரசம் என்று அந்தச் சாம்பலில் என்னென்ன சிறுகச் சிறுக இருக்கும் என்பது எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது. ஆழமாக இருந்த இடம் மேடானது. எறா புதைகிற சேற்றின் மேல் சாம்பல் மூடினது. மின் நிலையத்திலிருந்து வருகிற சுடுதண்ணியும் சேர்ந்துகொண்டது.

நண்டுக்கு வருகிறேன். கழி நண்டு பிடிக்கிறவர்கள் தனி ஜாதித் திறமைசாலிகள். அலையாத்தி வேருக்கடியில் வளையைப் பார்த்ததுமே உள்ளே ஆள் இருக்கிறானா இல்லையா என்று சொல்லிவிடுவார்கள். கம்பியை விட்டுச் சுழற்றி, கொக்கியில் மாட்டி இழுத்து, காலால் அமுக்கிக் கயிற்றால் கொடுக்கைக் கட்டுவது கண்ணிமைக்கிற நேரம். பெரிய நண்டு விற்பனைக்கு. கொடுக்கு ஒடிந்தது, சின்னது, விலை போகாதது வீட்டுக்கு.

அந்த விலை போகாத நண்டில்தான் சாறு. யாருக்காவது சளி பிடித்தால், காய்ச்சல் விட்டு வாய் கசந்து கிடந்தால், பரீட்சைக்குப் படித்து இளைத்துப் போனால், ஆயா உரலைக் கழுவுவாள். நண்டின் மேலோட்டைப் பிரித்து, செவுளைக் கிள்ளி எறிந்துவிட்டு, உடம்பையும் காலையும் உரலில் போட்டு இடிப்பாள். ஓடு நொறுங்குகிற சத்தத்தில் தெருநாய் எழுந்து உட்காரும். மிளகு, சீரகம், பூண்டு தனியாக அம்மியில். மஞ்சள், கொத்தமல்லி. தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைத்து வடிகட்டினால் மேலே மஞ்சளாக எண்ணெய் மிதக்கும். ஓட்டுக்குள் இருக்கிற அந்த மஞ்சள் கொழுப்பை மட்டும் விரலால் வழித்துத் தனியாக எடுத்து வைத்திருப்பாள். அது எந்தப் பிள்ளை மெலிந்திருக்கிறதோ அதன் டம்ளரில் விழும். "சத்தெல்லாம் அதுலதான் கீது." எத்தனை பேர் இருந்தாலும் அந்தப் பங்கீட்டில் ஆயா தவறியதில்லை. இருக்கிறதில் நல்லது நோஞ்சானுக்கு. வாயும் வயிறுமாக இருந்த அத்தைக்கு மசக்கையில் சோறே இறங்காதபோது ஆழியும் நண்டுச் சாறும்தான் இறங்கின. ஆற்றுக்குப் போன ஆண்கள் எல்லாரும் அவள் பங்கு என்று ஒன்றைத் தனியாகக் கொண்டுவந்தார்கள்.

அந்த மஞ்சள் பாகம் நண்டின் கல்லீரல் வேலையைச் செய்கிற உறுப்பு. நண்டு தின்றதில் இருக்கும் நஞ்சையெல்லாம் பிடித்து வைத்துக்கொள்கிற இடமும் அதுவே. காட்மியம் நண்டின் வெள்ளைச் சதையில் இருப்பதைவிட அதில் பல மடங்கு. வேகும்போது அங்கிருந்து தண்ணீரில் இறங்கும். நியூயார்க் மாநிலச் சுகாதாரத் துறை தன் மக்களுக்கு எழுதியே வைத்திருக்கிறது: அந்தப் பாகத்தைத் தின்னாதீர்கள், நண்டு வெந்த தண்ணீரையும் கொட்டிவிடுங்கள் என்று. நான் அதை வாசித்த அன்று கண் முன்னால் ஆயாவின் உரல்தான் நின்றது. அங்கே கொட்டச் சொல்லுகிற தண்ணீர் எங்கள் வீட்டில் மருந்து.

காட்மியம் உடம்பில் ஏறினால் சிறுநீரகத்தில் போய் உட்காரும். அதில் பாதி வெளியேறவே 10 முதல் 30 வருஷம் ஆகும் என்கிறார்கள். ஒருநாள் சாற்றில் ஒன்றும் ஆகிவிடாது. வருஷக்கணக்கில் சேர்ந்தால் சிறுநீரகம் கெடும், எலும்பு பலமிழக்கும். ரத்தத்தில் இரும்புச்சத்துக் குறைந்த பெண்களின் குடல் காட்மியத்தைக் கூடுதலாக இழுத்துக்கொள்ளும். சோகை இல்லாத பெண்ணைக் குப்பத்தில் தேடித்தான் பார்க்க வேண்டும். காரீயம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைத் தொடும். இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்ல ஓர் அளவு கிடையாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலை. ஜப்பானில் மினமாட்டா விரிகுடாவில் ஆலைக் கழிவிலிருந்த பாதரசம் மீன், சிப்பி வழியாக மனிதருக்கு ஏறி உண்டான நோய் 1956-இல் வெளியே தெரிந்தது. அங்கே நெஞ்சைப் பிசைகிற சேதி, நோய்க்குறி ஏதும் பெரிதாகத் தெரியாத தாய்மார்களுக்குப் பிறந்த குழந்தைகள் கைகால் விளங்காமல் பிறந்தது. தாய் தின்ற பாதரசம் கருவுக்குப் போய்விட்டது. எண்ணூரை மினமாட்டா என்று நான் சொல்லவில்லை, நஞ்சும் வேறு அளவும் வேறு. ஆனால் போகிற வழி ஒன்றுதான். வீட்டில் யாருக்கு நல்ல பங்கு போகுமோ, அவருக்கே இதுவும் போகும்.

ஆழியில் காட்மியம் கிலோவுக்கு 1 மில்லிகிராம் தாண்டக்கூடாது என்பது ஐரோப்பாவின் கணக்கு. சர்வதேச உணவுத் தரப்பட்டியலான கோடெக்ஸ் 2 மில்லிகிராம் வரை விடுகிறது. இந்த அளவெல்லாம் ஒரு சராசரி ஆள் எவ்வளவு தின்பான் என்று வைத்துப் போடுவது. ஓட்டலில் என்றைக்கோ ஒரு தட்டுச் சிப்பி தின்கிறவரும், குழம்பு என்றாலே ஆற்றுச் சரக்கு என்று வளர்ந்த பிள்ளையும் ஒரே சராசரிக்குள் அடங்க மாட்டார்கள். யார் தட்டில் தினமும் விழுகிறதோ அவர்களைக் கேட்டு அளந்தால்தான் அது அளவு.

கால்வாயைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்ததல்லவா, வெள்ளத்தோடு வெள்ளமாக மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் அதே பக்கிங்காம் கால்வாய் வழியே கழிக்கு வந்து சேர்ந்தது. கிளிஞ்சல் படகு போன தடத்தில் கறுப்புத் தார். அலையாத்தி வேரெல்லாம் கறுத்தது. கூழைக்கடா இறக்கை ஒட்டிப்போய் நின்றது. கையாலும் வாளியாலும் அள்ளினவர்கள் மீன்பிடிக்கிறவர்கள்தான். எண்ணெயில் இருக்கிற சில பொருட்கள் புற்றுநோய்க்கு வழிகாட்டுபவை. மீனின் உடம்பு அவற்றைச் சீக்கிரம் உடைத்து வெளியேற்றிவிடும். ஆழிக்கு அந்தச் சக்தி மட்டு, அதனால் அதில் தங்கிவிடும். இதற்கு நடுவில் தென் அமெரிக்கக் கரையைச் சேர்ந்த ஓர் ஆழி இங்கே வந்து ஆற்றடி முழுக்கப் பாயாக விரிந்துவிட்டது. காக்கா ஆழி என்று பேர் வைத்திருக்கிறார்கள். கப்பல் அடியில் கொண்டுவருகிற தண்ணீரோடு வந்திருக்கும் என்கிறார்கள். மஞ்சள் ஆழி இருந்த இடமெல்லாம் இப்போது அதுதான். எறா புதைய வழியில்லை. தடவுகிற கையை அது கிழிக்கிறது.

எண்ணெய் வந்த அந்த வாரத்துக்குப் பிறகு கூடைக்காரப் பெண்களிடம் வாங்குகிறவர்கள் முதலில் கேட்கிற கேள்வியே "எண்ணூர்ச் சரக்கா?" என்பதுதான். ஆமாம் என்றால் நகர்ந்துவிடுகிறார்கள். வாங்காதவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் கேடு செய்தது ஒரு பக்கம், பிழைப்புப் போனது இன்னொரு பக்கம் என்று ஆவது கொடுமை. ஆற்றில் விஷம் இருக்கிறது என்று மீனவன் சத்தமாகச் சொன்னால் நாளை அவன் கூடை விற்காது. சொல்லாமல் இருந்தால் விற்காத மிச்சம் அவன் பிள்ளை தட்டுக்குப் போகும். "தின்னாதே" என்று அவனிடம் போய்ச் சொல்வது எளிது. ஆழியையும் நண்டையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளந்து, எந்த இடத்துச் சரக்கு ஆகும், எது ஆகாது, எந்தப் பாகத்தை நீக்க வேண்டும் என்று படகு கட்டுகிற துறையில் தமிழில் பலகை வைக்க வேண்டும். பிள்ளைகளின் ரத்தத்தில் காரீயம் பார்க்க வேண்டும். குழாயை ஒழுகவிட்டவர்கள், எண்ணெயை விட்டவர்கள் செலவில் சாம்பலை அள்ள வேண்டும். அள்ளச் சொல்லிப் பசுமைத் தீர்ப்பாயமே உத்தரவிட்டாயிற்று.

ஆயா போய்ச் சேர்ந்து வெகுநாள் ஆகிறது. அத்தை மகள் அதே தெருவில்தான் இருக்கிறாள். அவள் வீட்டுக்காரர் இன்னும் ஆற்றுக்குப் போகிறார். கிடைக்கிற அன்றைக்குக் கிடைக்கும். உரல் போய் மிக்ஸி வந்துவிட்டது. நண்டு ஓட்டைப் போட்டு ஒரு ஜாரை உடைத்தபிறகு, துணியில் சுற்றிக் குழவியால் தட்டுகிறாள். சின்னவனுக்குச் சளி என்றால் இப்போதும் சாறுதான், ஆனால் நண்டு காசிமேட்டிலிருந்து வருகிற கடல் நண்டு. மஞ்சளை வழித்து எறிந்துவிட்டுக் காலையும் சதையையும் மட்டும் எடுக்கிறாள். நானும் வாங்கிக் குடித்தேன். மிளகு தூக்கலாக இருந்தது. கடல் நண்டில் ஓடு மெல்லிசு, தட்டினாலும் கழி நண்டு அளவுக்கு இறங்காது, அதனால் பூண்டு நாலு பல் கூடவே வைத்துவிடுவதாகச் சொன்னாள்.